குறியற்ற எண்

வாழைச்சேனையில் அன்று எங்கள் பிரிவுக்கு
பத்தரையிலிருந்து ஒன்றே முக்கால் வரை மின்வெட்டு.
மீனவர் சங்கத்தின் மேசைக் கணினி
கூரை விசிறியோடு சேர்ந்து மூச்சை விட்டது.
ஆறு வாட்டில் ஓடும் என் மடிக்கணினி மட்டும்
முச்சக்கரவண்டி பேட்டரியில் தொங்கியபடி
விழித்திருந்தது.
உள்ளே விசிறி கிடையாது.
தொட்டால், ஆறிப்போன தேத்தண்ணிக் கிளாஸின் சூடு.

"இது கணினி இல்லகா, கல்குலேட்டர்" என்றான் துஷ்யந்தன்.
ஒரே சீடியை வைத்து ஓட்டமாவடிப் பாலம் வரைக்கும்
விண்டோஸ் போட்டுக் கொடுத்தவன்.
அதன் சாவி எண் இருபத்தைந்தையும்
கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு.
இயங்குதளம் என்றால் தரை.
வழுக்காத வரைக்கும் யாரும்
அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், சொன்னேன்.
"அப்ப உன்ட லினக்ஸில ஏன் பிரிண்டர் வேலை செய்யுதில்ல?"
பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம்
யாரோ ஒரு தொண்டு நிறுவனத்துப் பொடியன்
எழுதித் தந்த மண்ணெண்ணெய்க் கணக்கு.
அவன் இப்போது கட்டாரிலோ கனடாவிலோ.
படகுப் பெயரெல்லாம் பாமினியில் கிடந்தன.
திரையில் 'கடல்ராணி', 'அம்மன் அருள்'.
உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள்,
புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி.
மூன்று இரவு அரைப்புள்ளிகளைப் புள்ளியாக்கினேன்.

நிரலைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு இல்லை.
வீடு மாறுவது.
சட்டி பானை எல்லாம் வந்துவிடும்.
இருட்டில் சுவிட்சைத் தேடும் கை
பழைய வீட்டுச் சுவரிலேயே நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் தொகுபட்டது.
அப்போதே பயந்திருக்கவேண்டும்.

பேரேட்டைத் திறந்தேன்.
அம்மன் அருள், கையிருப்பு 255 கேன்.
கடல்ராணி, 253.
ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு
ஊரே வெயிலில் வரிசை கட்டிய ஏப்ரலில்,
கடனில் கிடந்த நாற்பத்தொரு படகும்
ஒரு மத்தியானத்தில் பணக்காரப் படகுகள்.

பழைய சிப்பில் அந்த எட்டுப் பிட்டுக்குப்
பூச்சியத்துக்குக் கீழே இறங்கத் தெரியும்.
மைனஸ் மூன்று என்றால் மைனஸ் மூன்றுதான்.
இந்தச் சிப்போ, வாய்திறந்து சொல்லாவிட்டால்
கழித்தல் குறியை அறியாது.
கடன் என்ற சொல்லையே கேட்டிராத வீட்டில் பிறந்தது.
எழுதியவன் சொல்லவில்லை.
அவன் இருந்த இடத்தில்
அது சொல்லித் தெரியவேண்டிய சங்கதி இல்லை.

ஜன்னலுக்கு வெளியே இளையதம்பி அண்ணன்,
கையில் வெறும் கேன்.
"எனக்கு எவ்வளவு நிக்குது தங்கச்சி?"
பிழை என்று சொல்வதற்குள் துஷ்யந்தன்
திரையைத் திருப்பிவிட்டான்.
இருநூற்று ஐம்பத்து மூன்று.
இரண்டு தரம் வாசித்தார்.
பிறகு சிரித்தார், பல்லெல்லாம் தெரிய.
"அப்ப தாவன்."

பின்பக்கம் போய்த் தாங்கியைத் தட்டிப் பார்த்தார்.
அலுவலகம் வரைக்கும் கேட்டது
அது காலி என்பது.

எண்ணுக்கு முன்னால் ஒரு சொல் போதும்,
இது குறியுடையது என்று. ஆறே எழுத்து.
விரல் கொஞ்சம் நின்றது, பொய் சொல்லவில்லை.
பேட்டரி முப்பத்தொரு வீதம்.
அடித்தேன். மறுபடி தொகுத்தேன்.
கடல்ராணி, மைனஸ் மூன்று.

"முந்தினதுதான் நல்ல மெஷின்" என்றார்
இளையதம்பி அண்ணன், கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே.

ஒன்றே முக்காலுக்கு மின்சாரம் வந்தது.
துஷ்யந்தனின் கணினி
எழும்பி முகம் கழுவ ஏழு நிமிடம்.
அதன் பிரிண்டர் உடனே வேலை செய்தது,
அதையும் சொல்லவேண்டும்.

பிழையான அந்தப் பதிப்பை நான் அழிக்கவில்லை.
பெயரில்லாத ஒரு கோப்புறையில் கிடக்கிறது.
எப்போதாவது ஓட்டிப் பார்ப்பேன்,
மின்சாரம் இல்லாத நேரமாய்ப் பார்த்து.