நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில்

டுலூத்தில் மார்ச்சும் பனிக்காலம்தான்.
டயாலிசிஸ் நிலையத்திலிருந்து வந்த மார்லிஸ்
பூட்சில் ஒட்டிய சாலை உப்பைத் தட்டிவிட்டு
மடிக்கணினியைத் திறக்கிறாள்.
நூற்றெண்பது வயது இளைஞன் ஒருவன்
ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான்.
யாராவது பெயர் சொல்லி அழைத்தால்தான் உள்ளே வர முடியும்.

வலேரியன் என்று வைத்திருந்தாள்.
தூக்க மாத்திரைக் குப்பியிலும் அதே பெயர்தான்.
பதிப்பாசிரியைக்குப் பிடித்துப்போனது, விட்டுவிட்டாள்.

பளிங்குத் தோள்கள் என்று அடித்தாள்.
பிறகு அதையே அடித்தாள்.
குருதி என்று எழுதினால் யாரோ செத்திருக்கிறார்கள்.
ரத்தம் என்றால்
யாரோ பிழைக்க வந்து நாற்காலியில் சாய்ந்திருக்கிறார்கள்.
காலை ஐந்து மணியிலிருந்து பார்க்கிறாள் அதை,
குழாயில் சுற்றிச் சுற்றி வருவதை.
தொட்டால் குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்.
அவ்வளவுதான்.

நான்காம் நாற்காலி ஆர்வில் ஹாக்ஸ்டட்,
இரும்புத்தாதுக் கப்பல்களில் முப்பது வருடம் சமையல்காரர்.
"உன் பிசாசுக்கு என் பேரை வையேன்.
இருட்டில் எவளும் அதை மெதுவாகச் சொன்னதில்லை."
சிரித்துவிட்டாள்.
தகர டப்பாவை மூடுகிற சத்தம் அந்தப் பெயருக்கு.

வியாழக்கிழமை நான்காம் நாற்காலியில்
புது விரிப்பு.

தேடு: வலேரியன்.
மாற்று: ஆர்வில்.
நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மாறியது.
நாயகி தூக்கம் வராமல் குடிக்கும் வலேரியன் தேநீர்கூட
ஆர்வில் தேநீர் ஆயிற்று.
அதைத் திருத்த மனமில்லை.

ஆனால் மற்ற சொற்கள் முரண்டின.
ஆர்வில் நடந்துவர அந்தகாரம் ஒத்துக்கொள்ளவில்லை,
இருட்டு என்றாள்.
கோட்டைச் சாவி இருந்த சட்டைப்பையில்
உருளைக்கிழங்கு சீவும் கத்தி.
"சாசுவதமாக உன்னோடு" என்று அவன் சொன்ன இடத்தில்
"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா" என்று கேட்கிறான்.

யார் வாங்குவார்கள் இதை?
திங்கட்கிழமை பதிப்பாசிரியை போனில் கத்துவாள்.

இருநூற்று மூன்றாம் பக்கத்தில்
நாயகி ஜன்னலைத் திறக்கிறாள்.
அவள் சொல்லுமுன்
மார்லிஸ் தானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறாள்,
விளக்கை அணைத்துவிட்டு, மெதுவாக.
முதலில் வாய் அகலத் திறக்க வேண்டியிருக்கிறது.
பிறகுதான்
கீழுதட்டில் பல் படுகிறது.