ஒத்தைக்கு ஒத்தை

மாசி மாசம் பணகுடிப் பக்கம் காற்று செத்துக் கிடக்கும்.
நாற்பத்திரண்டு காற்றாடியும்
கடன் கேட்டவன் முன்னால் நிற்பதுபோல்
கை விரித்து நிற்கும்.
கிரீஸ் வைக்க, போல்ட் முறுக்க அதுதான் எங்களுக்கு நேரம்.

பதினேழாம் நம்பர் அடியில், தூக்குச்சட்டி திறக்குமுன்
வானமாமலை ஆரம்பித்தான்:
"ஒலகத்துலயே பெரிய மேட்ச் எதுலே?
ஒத்தைக்கு ஒத்தை மட்டும்.
ஜோடி ஆட்டம் கெடையாது. ஏணி, கூண்டு கெடையாது.
இருவது பேர் ஏறி விழுத சந்தைக்கடை
கெடையவே கெடையாது."

மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே ஜெபசிங் சொன்னான்:
"கப்பல்காரனும் செம்பட்டையும். முப்பத்தெட்டு நிமிஷம்."

அவர்களுக்கு வேறு பெயர்கள் உண்டு.
அஞ்சாம் வகுப்பில் எங்கள் வாயில் நின்றது இவைதான்.
சீட்டில் உயரம், எடை, மார்பு, புஜம்
எல்லாம் அச்சடித்திருக்கும்.
கப்பல்காரன் புஜம் இருபத்துநாலு அங்குலம்.
அந்த ஒரு சீட்டுக்காக மைதீன் பிச்சை
முழுப்பரீட்சைக்கு முந்தின நாள்
பரீட்சை அட்டையைக் கொடுத்துவிட்டு
முழங்காலில் வைத்து எழுதினான்.

அவனே இப்போது ஒப்பவில்லை.
"முப்பத்தெட்டுல இருவது நிமிஷம்
ஒருத்தன் கழுத்த ஒருத்தன் புடிச்சித் தூங்குனானுவ.
மேட்சுன்னா பூட்டும் கண்ணாடியும்லா.
ஒம்பதே நிமிஷம்.
நடுவுல கண்ணாடிக்கு முட்டு போயிட்டு. நெசமாவே போயிட்டு.
மொகத்துல தெரிஞ்சிது.
பூட்டு என்ன செஞ்சான் தெரியுமா?
அடிக்க மாதிரியே அவனத் தாங்கிக்கிட்டுப் போனான்,
மணி அடிக்க வரைக்கும்."

"எல்லாம் பேசி வச்ச ஆட்டந்தான வே,"
என்றார் லாரியில் சாய்ந்திருந்த தங்கப்பழம் அண்ணாச்சி.
யாரும் திரும்பவில்லை.
சோற்றை வழித்து முடித்துவிட்டு ஜெபசிங் சொன்னான்:
"பேசி வச்சதுதான் அண்ணாச்சி.
முதுவுகிட்ட யாரும் பேசி வைக்கலயே."

போன ஆடியில் டவர் ஏணியில் சறுக்கியவன் அவன்.
கொக்கி பிடித்துக்கொண்டது.
அதைப் பற்றி அவன் பேசியதில்லை.

என் முறை.
நான் சொன்ன ஆட்டத்தை நானே முழுசாகப் பார்த்ததில்லை.
வள்ளியூரில், கேபிள்காரர் வீட்டு ஜன்னல்.
ஆறு கம்பி, பதினோரு தலை.
செம்பட்டை மூலைக் கம்பத்தில் ஏறினான்.
கீழே கிடந்தவனைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
குதித்தான்.
கரண்ட் போய்விட்டது.
இருபது வருஷம்.
அவன் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை.

"கீழ கெடந்தவன் உருண்டுட்டான்" என்றான் வானமாமலை.
"உருளல. ரெண்டரை எண்ணிக்கையில தோள எடுத்தான்."
"நீ பாத்தியோ?"
"நீ பாத்தியோ?"
இன்றைக்குக் கரண்ட் போனால் ஊர் எங்களைத்தான் ஏசுகிறது.

மைதீன் பிச்சை போனை எடுத்துக்கொண்டு
சிக்னல் கிடைக்கும் பாலத்துச் சுவருக்குப் போனான்.
ஒற்றைக்காலில் நின்றான். வந்தான்.
"மூணாமவன் ஒருத்தன் நாக்காலியோட உள்ள வந்து
ரெண்டு பேரையும் அடிச்சிட்டான். மேட்ச் ரத்து."

தண்ணீர் கேன் மூடியைத்
திறந்து மூடினான் ஜெபசிங்.

"அது வேற மேட்சா இருக்கும்" என்றான் வானமாமலை.
"வேறதான்."
"வேறதாம்ல. இதுல சட்டையே பச்சைல்லா போட்டுருந்தான்."

அப்புறம் எப்படி உருண்டான் என்று காட்ட
என்னைச் செம்மண்ணில் கிடத்தினார்கள்.
பச்சைமிளகாய் வாசத்தோடு ஜெபசிங் மேலே சரிந்தான்.
எழுபத்தெட்டு கிலோ, சீட்டில் அச்சடிக்காதது.
மைதீன் பிச்சை குப்புற விழுந்து தரையில் அறைந்தான்:
ஒண்ணு.
அண்ணாச்சியும் எட்டிப் பார்த்தார்.
ரெண்…

அவன் கை பாதியில் நின்றது.
ஜெபசிங் தோளுக்கு மேலே, வெகு உயரத்தில்,
இருபத்திமூணாம் நம்பர் இறக்கை
ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.
எல்லோரும் அண்ணாந்தார்கள்.
"மாசியில ஏதுலே காத்து?"

என் தோள் ரெண்டும் மண்ணில்தான் இருந்தன.
யாரும் பார்க்கவில்லை.
நானும் சொல்லவில்லை.