கண்ண மூடிக்கிடுங்க

சமாதானபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி.
பதினோரு வருஷமாய் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான்
வாடகை கட்டுகிறேன்:
கண்ண மூடிக்கிடுங்க.

பிரம்மசக்தி டீச்சர் மட்டும் மூட மாட்டார்.
தலையைத் தொட்டியில் சாய்த்தபடியே
மருமகள் கதையைச் சொல்ல
அவருக்குக் கண் வேண்டும், புருவமும் வேண்டும்.
சித்திரையில் ஒரு செவ்வாய்,
கரண்ட் போய் ஃபேன் நின்ற நேரம்,
நுரை வழிந்து உள்ளே போய்விட்டது.
‘எரியுது தாயி’ என்றவர்
நான் துண்டை எடுக்கும் முன்
முந்தானையால் துடைத்துக்கொண்டார்.
அவ்வளவுதான் நடந்தது.
மிச்சக் கதையையும் சொல்லி முடித்தார்.

என் கைதான் குழாயிலேயே நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம்
ஒரு மருந்துக் கம்பெனியின் பின்கட்டில் எனக்கு வேலை.
முயல்களுக்குப் புல், தண்ணீர், கூண்டு கழுவல்.
சில காலைகளில்
உடம்பு பெட்டிக்குள்ளும் தலை வெளியிலுமாய்ப் பூட்டி
நான் காதைப் பிடித்துக்கொள்ள
சார் சொட்டு விடுவார்.
வலது கண்ணுக்கு மட்டும்.
இடது கண் ஒப்பிட்டுப் பார்க்க.
முயல் கத்தாது.
முன்னங்கால் உள்ளே பிறாண்டுவது கேட்கும்,
தகரத்தில் தூறல் தொடங்கினாற்போல.
முந்தானை கிடையாது அதற்கு.
கையும் கிடையாது என்று
நாங்கள் செய்துவைத்திருந்தோம்.

எண் பதினாலு. சிவப்பு. நீர்வடிதல், அதிகம்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
நோட்டை என்னிடம்தான் கொடுத்தார்கள்.
மூன்றாம் நாள் கூண்டு காலியாய் இருக்கும்.
கழுவுவேன்.

இப்போது அதெல்லாம் கூடாதென்று சட்டமாம்.
நல்லது.
அந்த நோட்டு எங்கேயோ கிடக்கும்.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
பாட்டில்களின் முதுகை வாசித்தேன்.
கண்ணாடி போட்டாலும் எறும்பாய்த்தான் ஊர்கிறது எழுத்து.
போனில் ஒவ்வொன்றாய்த் தேடத் தேட
கெரட்டினில் குளம்பு, இறகு, கொம்பு.
பட்டுப் புரதத்தில் வெந்த புழு.
ஆட்டு ரோமத்து மெழுகு. தேன்.
பிரஷ்ஷில் பன்றி மயிர்.
ஒரு தலையை மினுக்க
ஒரு தொழுவமே வந்து நின்றது.

முயல் படம் போட்ட பாட்டில்கள் கூரியரில் வந்தன.
விலை கண்ணைக் கட்டியது.
படத்தில் அது தாவிக்கொண்டிருக்கிறது.
நான் பார்த்த ஒன்றும் தாவியதில்லை.

மிச்சத்துக்குப் பாளை மார்க்கெட்.
பூந்திக்கொட்டை ரெண்டு கிலோ கேட்டதும்
நாட்டுமருந்துக் கடைக்காரர்
‘பட்டுச்சேல தொவைக்கவாக்கா?’ என்றார்.
சிரித்து வைத்தேன்.

முட்டை கிடையாது, தயிர் கிடையாது, கெரட்டின் கிடையாது
என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன்.
மகராஜநகரிலிருந்து வந்த கல்யாணப் பெண்ணின் அம்மா
அட்டையைப் படித்தபடியே
படியிறங்கிப் போனார்.
செம்பருத்தி இலை நார் தொட்டியை அடைத்து
பிளம்பருக்கு முந்நூறு.
ஆற்றுத் தண்ணீர் வராத நாளில்
போர் தண்ணீரும் வெந்தயமும் ஒத்துப்போவதில்லை,
முடி விறகாய் நிற்கிறது.

கூட வேலை பார்க்கும் கிளாடிஸ் கேட்டாள்:
‘ஞாயித்துக்கெழம ஆட்டுக்கறி எடுக்கியளே, அது என்ன கணக்குக்கா?’
சொல்லத் தெரியவில்லை.
போன ஞாயிறு எடுக்கவில்லை.
அதற்கு முந்தின ஞாயிறு எடுத்தேன்.

ஒன்று சொல்லவேண்டும்.
பூந்திக்கொட்டையும் எரியும்.
பாட்டிலில் இருந்ததைவிட எரியும்.
எனக்குத் தெரியும்.
ஒவ்வொரு தடவையும் ஊறவைத்து, காய்ச்சி, வடித்து, ஆறியபின்
பெரிய கண்ணாடி முன்னால் நின்று
முதல் சொட்டு
என் வலது கண்ணுக்கு.
கை இரண்டும் சும்மாதான் இருக்கின்றன.
தோளிலேயே கிடக்கிறது துண்டு.

பதினாலு எண்ணும்வரை
துடைப்பதில்லை.