ஏழாவது எம்மா

இந்த வீட்டில் மாடியறைப் பணிப்பெண் என்றால்
அவள் பெயர் எம்மா.
எனக்கு முன்னால் ஆறு பேர்:
ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குக் காசநோய்,
ஒருத்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
தொப்பியையும் பெயரையும்
ஒரே இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தார் ஹெஸ்கெத் அம்மாள்.
தொப்பி கொஞ்சம் பெரிது.

விடியுமுன் ஐந்து கணப்புகள்.
சாம்பல் அள்ளி, இரும்புக்குக் கரி தேய்த்து,
சுள்ளி அடுக்கி ஊதி,
தீ கண் விழிக்கும்போது
நான் அந்த அறையில் இருக்கக் கூடாது.
நடையில் ஐயா எதிர்ப்பட்டால்
சுவர் பக்கம் திரும்பி நிற்க வேண்டும்.
யார்க்‌ஷயரிலேயே விலை கூடிய சுவர்த்தாளாம்.
எந்தக் கொடியில் எத்தனை பூ,
என்னைக் கேளுங்கள்.

கிராடக் நாளிதழுக்கு இஸ்திரி போடுவார்,
ஐயாவின் விரலில் மை ஒட்டிவிடாதபடி.
உலகத்துச் சண்டையெல்லாம் சுடச்சுட
அவருக்குத்தான் முதலில் தெரியும்.
மூச்சு விடமாட்டார்.

தட்டு ஏந்தும் ஜேம்ஸ் ஆறடி இரண்டங்குலம்.
அந்த இரண்டங்குலத்துக்குத் தனிச் சம்பளம்.
அவனும் ஜேம்ஸ் இல்லை.

பின்கட்டில் கெசையா, வயது பதினான்கு,
உப்பும் மணலும் வினிகரும் போட்டுச்
செம்புச் சட்டிகளோடு மல்லுக்கட்டுகிறாள்.
அவள் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.
மாடியிலிருந்து அவளை
யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, குடிக்கணக்குத் தாள் வந்தது.
இன்றிரவு இந்தக் கூரையின்கீழ் உறங்கும்
ஒவ்வொருவரின் மெய்ப்பெயரும் வேண்டுமாம்.
“ஒபதையா கிளெக்” என்றான் ஜேம்ஸ்.
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
என் முறை.
“டிரைஃபினா மெட்காஃப்.”
கிராடக்கின் பேனா நின்றது.
“எழுத்துக்கூட்டு.”

மூன்று வருஷமாக எழுதாத பெயர். நடுவில் தடுக்கியது.
எண்பத்துநான்கு படி ஏறி
என் தகரப்பெட்டி மூடியில் அப்பா தீட்டியதைப்
பார்த்து வந்து சொன்னேன்.
அதுவரை நீல அறை மணி இரண்டு முறை அடித்தும்
அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.
பேனாவில் மை தொட்டபடியே இருந்தார்.

மறுநாள், தீ மூட்டத் தந்த பழந்தாள்களுக்குள்
அந்த மையொற்றி.
அதில் என் பெயர்
முதுகைக் காட்டிச்
சுவர் பக்கம் திரும்பி நிற்கிறது.

சுள்ளியை மட்டும் வைத்து ஊதினேன்.
தாளை மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டேன்.
பெரிய தொப்பிதானே.
இடம் இருந்தது.