எத்தனை துவாலை

கோஷித்செயில் நவம்பர் என்றால்
நாலு மணிக்கே இருட்டு.
வாசலில் பனியை உதறிவிட்டு உள்ளே வந்தார் போஹுஸ்லாவ்.
புறங்கையில் பேனாவால் எழுதியிருந்தது:
நாற்பத்தேழு. நூற்றுப்பன்னிரண்டு.

"குளியலறைக்கு ஒரு ரேடியேட்டர்" என்றார்,
துக்கச் செய்தி சொல்பவரைப் போலத் தணிந்த குரலில்.

வருகிற எல்லாரும் முதலில் குரோம் ஏணிக்கு முன்னால்தான் நிற்பார்கள்.
அதில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொள்வார்கள்.
இவரும் நின்றார். கோதவில்லை.
முதலாளிக்குப் பிடிக்காத உண்மை ஒன்றை
நான் எப்போதும் சொல்லிவிடுவேன்:
மினுக்குவது சூட்டில் கஞ்சம்.
அதே உயரம், அதே அகலம்,
ஆனாலும் வெள்ளைப் பூச்சு தருவதை இது தராது.

அறை எவ்வளவு பெரிசு?
"இரண்டு பேர் நின்று பல் துலக்க முடியாது."
ஜன்னல்?
"மேலே, சமையலறைப் பக்கம் ஒரு கண்ணாடி. திறந்ததில்லை."
வெளிச்சுவரா?
"இல்லை, அந்தப்புறம் பக்கத்து வீடு.
அவர் தும்மினால் கேட்கும்.
நூறாயுசு என்று இங்கிருந்தே சொல்வேன்."

எத்தனை துவாலை காயவேண்டும்?

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்,
கம்பிகளின் இடைவெளி பார்ப்பதற்காக.
தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.
"ஒன்று" என்றார்.
"வியாழக்கிழமையிலிருந்து இரண்டு" என்றார்.
அப்புறம், "ஆறு வாரத்துக்கு. டாக்டர் கணக்குப்படி."

குளியலறைச் சாமான் விற்பவளுக்கு
ஊரின் ஈரமெல்லாம் தெரியும்.
கேட்கக் கூடாது. கேட்காமலிருந்தால் தானாக வரும்.

வந்தது.
ஸ்லதிட்சா. பதினோரு வருஷம் முன்பு பிரிந்து போனவள்.
இப்போது இடுப்பெலும்பில் ஆபரேஷன்.
அவள் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
இவருடையது தரைத்தளம்.
அவ்வளவுதான், வேறொன்றுமில்லை என்றார்
நான் எதுவும் கேட்காதபோதே.

"எங்கள் சண்டையே இதுதானம்மா.
நான் வால்வைக் குறைப்பேன்.
அவள் ஈரத் தலையோடு வந்து கூட்டுவாள்.
குரோம் வேண்டுமென்பாள். அப்போது காசில்லை."

கம்பியை ஒரு கையால் பற்றி
மெல்லத் தன் கனத்தை அதன்மேல் சாய்த்துப் பார்த்தார்.
"இதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கலாமா?"

கூடாது.
இது துவாலையைத் தாங்கும், ஆளைத் தாங்காது.
பிடிமானக் கம்பி தனி. அடுத்த வரிசையில் இருக்கிறது.

"சுவர் ஒன்றுதானே."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டோம்.
முப்பது அகலத்தில் ஒல்லியான ஏணி.
மீதி பதினேழில் நெட்டுக்குத்தாகக் கைப்பிடி.
ஒல்லியானதால் சூடு குறையும்.
குறைவதை ஈடுகட்ட வெள்ளைதான் எடுக்கவேண்டும்.
"அவள் குரோம் கேட்டாளே" என்றார் மறுபடியும்,
கேட்டது நேற்றுப்போல.
முகம் பார்க்கவா, தலை காயவா என்றேன்.
முதல் முறையாகச் சிரித்தார். பல்லில் ஒன்று இல்லை.

என் வீட்டில் பழைய வார்ப்பிரும்பு.
கறுத்துப்போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.
ராத்திரியில் உள்ளே தண்ணீர்
டக், டக் என்று நடக்கும்.
வேறு யார் நடக்கப்போகிறார்கள் என்று தூங்கிவிடுவேன்.
அதை மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே
எட்டுக் குளிர்காலம்.

நூற்று முப்பத்தொன்பது யூரோ, கைப்பிடி தனி.
சில்லறை நாணயம்வரை எண்ணிக் கொடுத்தார்.
பெட்டியை டிராம் நிறுத்தம்வரை
ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் போனோம்.
பனி ஈரமாக விழுந்து அட்டை நமுத்தது.

"வால்வை எந்தப் பக்கம் வைக்கச் சொல்லட்டும்?"
கை எட்டுகிற பக்கம்.
"யார் கை?"

ஆறாம் எண் வந்துவிட்டது.
பெட்டியின் முனை கதவில் சிக்கி
ஓட்டுநர் மணியடித்துக்கொண்டே இருந்தார்.