நான்மால்

பத்திரத்தில் எல்லாம் வந்துவிட்டது.
கிழமேல் ஜாதியடி பதினேழரை,
தென்வடல் ஜாதியடி நாற்பத்திரண்டு,
போர்வெல் இருவருக்கும் பொது,
மாடிப்படி எனக்கு,
முருங்கை அவனுக்கு.
கிளை சாய்ந்தால் காய் யாருக்கு என்று
எழுதுபவரே கேட்டு, அவரே சிரித்து
விட்டுவிட்டார்.
வைஃபையை ஒருவரும் நினைக்கவில்லை.

அனுப்பானடியில் சுவர் எழும்பிய வாரம்
பூச்சு காயுமுன்பே
என் பில்லில் அவன் வீடு
படம் பார்த்துக்கொண்டிருந்தது.
'கேட்டுப் பாருங்க' என்றாள் வேல்மணி.
கேட்க முடிந்திருந்தால் எதற்குச் சுவர்.

ரவுட்டரைத் தலைகீழாய்ப் புரட்டினேன்.
அடியில் ஸ்டிக்கர், உடைந்த பல்லிமுட்டை,
கதவு எண்ணைவிட நீளமான ஒரு முகவரி.
பயனர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
ஆறு வருஷம்
பூட்டாத வீட்டில் குடியிருந்திருக்கிறோம்.

உள்ளே ஒரு பட்டியல்: இணைந்திருப்பவை.
என் போன். வேல்மணி போன். டிவி.
சௌந்தரம் ஒப்போ.
தர்ஷி டேப்.
பெயரில்லாத இன்னொன்று,
அவன் வாசலில் மாட்டிய கேமராவாக இருக்கும்;
என் நெட்டில்தான்
என் வாசலை வேவு பார்க்கிறது.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெருக்கல் குறி.
தொட்டால் போதும்.
கேமரா போனது. ஒப்போ போனது.
தர்ஷி டேப்பில் விரல் நின்றது.
பச்சைப் புள்ளி விட்டு விட்டு எரிந்தது,
பாடமோ, பொம்மைப் படமோ.

கீழே இன்னொரு வாசல்:
கெஸ்ட் நெட்வொர்க், திறக்கவா என்றது.
ஒரே போர்வையை
விடிய விடிய இழுத்துக்கொண்டு படுத்தவனை
விருந்தாளி என்று டிக் அடிக்கச் சொன்னது.
அடிக்கவில்லை.
கடவுச்சொல்லை மாற்றினேன்.
எட்டு எழுத்துக்குக் குறையாமல், ஒரு குறி, சில எண்கள்.
என்ன போட்டேன் என்று சொல்லமாட்டேன்.
அவன் பிறந்த வருஷம் அதில் இருக்கிறது.
அந்நேரம் வேறு எண் வரவில்லை.

மறுநாள் மாலை
சுவருக்கு அந்தப் பக்கம் டிரில்லிங் சத்தம்.
அவனும் ஒன்று வாங்கிவிட்டான்.
'வடக்கு வீடு' என்று பெயர் வைத்திருந்தான்.
என் அடுப்படியில் நின்று பார்த்தால்
அவனுக்கு நாலு கோடு,
எனக்கு ரெண்டு.

அதற்கப்புறம்தான் இரண்டுமே நொண்டின.
எனக்கு ஜிஎஸ்டி கணக்கு பாதியில் நின்று சுற்றியது.
அங்கே தர்ஷி கத்திக்கொண்டிருந்தாள்,
'மிஸ், கேக்குதா மிஸ், மிஸ்'.
எனக்குக் கேட்டது.

கேபிள்கார ஆரோக்கியம் வந்து
போனில் ஒரு படம் காட்டினான்.
ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு குன்று,
ஆனைமலையும் நாகமலையும்
ஒரே இடத்தில் உட்கார்ந்த மாதிரி.
'ரெண்டு வீடும் ஆறாம் சேனல்லயே நிக்கிறீங்கண்ணே.
ஒருத்தரு பேசயில மத்தவரு
வாய மூடித்தான ஆகணும்.
யாராச்சும் ஒருத்தரு பதினொண்ணுக்குப் போயிருங்க.'
யாராச்சும் என்றபோது
அவன் சுவரைப் பார்த்தான்.

மூன்று நாள் நான் போகவில்லை.
நான் எதற்குப் போகணும்.
சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய் வந்த பின்
வேல்மணிக்குத் தெரியாமல்
ஆறை எடுத்துவிட்டுப் பதினொன்று வைத்தேன்.
பொறு என்றது.
விளக்கெல்லாம் அணைந்து
ஒவ்வொன்றாய் வந்தது.

விடிந்ததும் படத்தைப் பார்த்தேன்.
ஆறு காலி,
கோடையில் வைகை கிடப்பதுபோல.
பதினொன்றில்
ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு குன்று.

ஆரோக்கியத்துக்குப் போன் போட்டேன்.
கொஞ்சநேரம் பேச்சில்லை,
சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது.
'ஒண்ணுன்னு ஒரு சேனல் இருக்குண்ணே,
காலியாத்தான் கெடக்கு.
ஆனா இந்தத் தடவ
யாரு போறதுன்னு
பேசிக்கிட்டுப் போங்க.'