ஒன்று கூட

வெலிங்டன் ஆஸ்பத்திரி, இரண்டாம் வார்டு.
கணுக்காலில் மாவுக்கட்டு, மாசி மாதக் குளிர்.
பல்சக்கர ரயிலின் கரி அப்பிய முகத்தோடு
மந்தண்ணா வந்து நின்றான்,
கையில் ஒரு பொட்டலம் வர்க்கி, பையில் பத்து நாள் விடுப்பு.
நலம் விசாரிக்கவில்லை.
"எழுபத்து மூன்று," என்றான்.
"எனக்கும்," என்றேன்.
அரக்கான் காட்டின்மேல் பறந்து
உயிரோடு திரும்பிய கணக்கு அது.
"சீக்கிரம் எழுந்திரு.
படுத்துக் கிடக்கிறவனை ஜெயிச்சு என்ன பெருமை?"

அம்பாலாவில் சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான்.
குடகன் அவன், பாளையங்கோட்டைக்காரன் நான்.
யார் முதலில் தனியாகப் பறப்பது,
யார் சக்கரம் ஓசையின்றித் தரை தொடுவது,
மெஸ்ஸில் யார் அதிகம் முட்டை தின்பது.
வாந்தி எடுத்ததிலும் அவனே முந்தினான்.
ஒருமுறை என் வாலில் ஒட்டிய ஜப்பான்காரனை
எங்கிருந்தோ வந்து விரட்டினான்.
இறங்கியதும், "அது என் கணக்கு," என்றான்,
நன்றி சொல்ல இடம் வைக்காமல்.

சாயங்காலம் வராந்தாவில் இரண்டு நாற்காலி.
எதிர்ச்சரிவில் ஒரு ஹட்டி விளக்கேற்றும்.
எண்ணுவோம்.
நான் இருபத்தாறு என்றால் அவன் இருபத்தேழு.
நான் முப்பது என்றால் முப்பத்தொன்று.
கஞ்சி கொண்டுவந்த ஜோகிக்குச் சிரிப்பு தாங்கவில்லை:
"எங்க ஹட்டிதாங்க தொரை அது.
மொத்தமே இருபத்தெட்டு வீடு."

ஏழாம் நாள் மூடுபனி ஏறி வந்தது.
தெரிந்தவை நான்கே விளக்கு.
விளையாட்டாகத்தான், "பதினெட்டு," என்றேன்.
அவன் கண்ணைச் சுருக்கிக்கூடப் பார்க்கவில்லை.
"பத்தொன்பது."

வர்க்கியை நொறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றது.
நின்றது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.
வெகுநேரம் கழித்து,
"டிசம்பரில் முன்கண்ணாடி உடைந்ததே, அப்போது," என்றான்.
"இடது கண்ணில் துகள். வலதும் இருட்டினால் பாலாகிவிடும்.
பரிசோதனை அட்டை மனப்பாடம். கேள்:
டி, எல், ஓ, இசட், எஃப், ஈ, சி."
ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி
ஒப்பித்துவிட்டுச் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
"சொல்லிவிடுவாயா?"

அவனைத் தரையில் நிறுத்தினால்
அணிக்குத் தலைவன் நான்.
அது அவனுக்கும் தெரியும்.
சொன்னால் பதவிக்காகச் சொன்னதாகும்.
சொல்லாவிட்டால் என்னவாகும் என்பதை
அன்றிரவு நான் எண்ணவில்லை.
அதுவரை விளக்குகளைத்தான் எண்ணிப் பழகியிருந்தேன்.

மறுநாள் மேஜர் லோபோ
என் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தபடி கேட்டார்:
"உன் சிநேகிதன் தலைவலி மாத்திரை கேட்டானாம்.
கண் கிண் ஏதாவது...?"
"கழுகுக் கண், சார்."
அத்தனை சுத்தமாக
நான் ஒரு விமானத்தைக்கூட இறக்கியதில்லை.

பங்குனியில் கடிதம் வந்தது.
மேகமில்லை, எதிரியில்லை.
அந்தி நேரம், நம் ஓடுபாதை, நம் விளக்குகள்.
நூறு கஜம் முன்னாலேயே
மரங்களின்மேல் இறங்கியிருக்கிறான்.
விடுப்பு முடிந்து அவன் பறந்தது அந்த ஒருமுறைதான்.
எழுபத்து நான்கு.
திரும்பாததைக் கணக்கில் சேர்க்கலாமா என்று
விடிய விடியச் சண்டை போட்டிருப்போம்.
சேர்த்துக்கொள், மந்தண்ணா.

கட்டுப் பிரித்த அன்று
என்னைச் சுவரோரம் நிற்க வைத்தார் மேஜர்.
எல்லா ஊரிலும் இருக்கிற அதே அட்டை.
என் கண்ணில் குறையில்லை;
கடைசி வரி ஊசியால் கீறியதுபோல் தெரிந்தது.
அப்போதுதான் பார்த்தேன்,
அவன் ஒப்பித்ததில் ஓர் எழுத்துப் பிழை.
ஐந்தாவது எஃப் இல்லை, பி.
எத்தனை டாக்டர்கள் காதில் அது விழுந்திருக்கும்,
எத்தனை பேர் அவசரத்தில் தலையாட்டியிருப்பார்கள்,
என்னைப் போலவே.

"படி," என்றார்.
"டி, எல், ஓ, இசட், எஃப்..."
மேஜர் நிமிர்ந்தார்.
"ஐந்தாவதை மறுபடி சொல்."
ஜன்னலுக்கு வெளியே நடுப்பகல்.
ஹட்டியில் ஒரு விளக்கும் இல்லை.
"எஃப், சார்," என்றேன்.
அவர் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார்.